அவன் வந்து கேட்கவில்லையே!



சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நான் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த வயது சென்ற தாயார் ஒருவர், கூட்டம் கலையும் வரையில் ஓரமாய்க் காத்திருந்து, பிறகு கிட்டே வந்து ஒரு கேள்வி கேட்டார். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட பேச்சன்று, வாசலில் கேட்ட பேச்சு. எழுதுவதற்கு அவருடைய உத்தரவையும் பெற்றுக்கொண்டேன். ஆகையால் தைரியமாய் எழுதுகிறேன். பேரும் தெருவும் மாத்திரம் சொல்லமாட்டேன்.

அவருக்கு ஒரு தம்பி. தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் அக்காளுக்கு இருந்த பாகத்தை, "ஒரு கையெழுத்துத்தானே அக்கா" என்று சொல்லி, பல வருஷங்களுக்கு முன் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அன்று அந்த நிலம் வெறும் கரம்பு. இவரும் பெரிதாய் நினைக்கவில்லை. பிறகு மனைகள் போட்டார்கள், வீடுகள் எழும்பின. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் திறந்தாயிற்று. நம் பக்கத்து நிலத்தின் விலை என்ன ஆயிற்றென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பி வீட்டு மாடியைத் தாண்டித்தான் அக்காள் தினமும் ரயிலடிக்குப் போக வேண்டும்.

அவர் கேட்டது இதுதான்: "அவன் இதுவரைக்கும் வந்து ஒரு வார்த்தை கேக்கலை சாமி. மனஸ்தாபப்பட்டாத்தான் ஆண்டவரே மன்னிக்கிறார்னு ஞானோபதேசத்துல படிச்சோமே. அப்படியிருக்க, மனஸ்தாபப்படாதவனை நான் மட்டும் ஏன் மன்னிக்கணும்? ஆண்டவரைவிட நான் ஒசத்தியா?"

எனக்கோ ஞானஸ்நானத்துக்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. அந்த அவசரத்தில், "மன்னித்துவிடுங்கள் அம்மா, மனசு லேசாகும்" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க சாமி" என்று அவர் போய்விட்டார். அந்த "சரிங்க சாமி" வாரம் முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. ஏனென்றால் அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது மருந்துக்கடைப் பதில். குருமடத்தில் பல வருஷம் வேதசாஸ்திரம் படித்தவன் சொல்லவேண்டிய மறுமொழியை இப்பொழுதாவது சொல்லப் பார்க்கிறேன். அவருக்கு மாத்திரமல்ல, இந்தப் பங்கில் அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், பக்கத்து மனைக்காரர் என்று பேச்சுவார்த்தை அற்றுப்போன யாவருக்கும் சொல்லுகிறேன்.

முதலில் அஸ்திவாரத்தைப் பார்ப்போம். சர்வேசுரன் நம்மை எதை முன்னிட்டு மன்னிக்கிறார்? நாம் அழுகிறதை முன்னிட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருசந்தி இருந்ததையும், வேளாங்கண்ணிக்கு நடந்து போனதையும், மெழுகுதிரி கொளுத்தினதையும் முன்னிட்டு என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் மன்னிப்புக்கு அஸ்திவாரம் இவைகளில் ஒன்றுமில்லை. அஸ்திவாரம் கல்வாரி மலையில் போடப்பட்டது. அர்ச். சின்னப்பர் உரோமாபுரியாருக்கு எழுதின நிருபத்தில் இதைத்தான் வற்புறுத்துகிறார்: நாம் நல்லவர்களாக மாறின பிற்பாடு கிறீஸ்துநாதர் நமக்காக மரிக்கவில்லை, நாம் பாவிகளாயிருக்கும்போதே மரித்தார். அதாவது, கடன் தீர்க்கப்பட்ட பிறகுதான் கடன்காரர்களாகிய நீங்களும் நானும் பிறந்தோம்.

இந்த அஸ்திவாரத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூதாஸைவிடப் பயங்கரமான உதாரணம் கிடையாது. மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 27-ம் அதிகாரத்தை வீட்டில் நிதானமாய் வாசித்துப் பாருங்கள். யூதாஸ் தன் குற்றத்தை உணர்ந்தான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்த பாவி நான் என்று ஆலயத்துக் குருக்களிடம் வாய்விட்டுச் சொன்னான். வாங்கின முப்பது வெள்ளிக்காசையும் ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்தான். துக்கம் இருந்தது, பாவத்தை வெளியிட்டதும் இருந்தது, பொருளைத் திருப்பிக் கொடுத்ததும் இருந்தது. நம்மில் அநேகர் தபசு காலத்தில் செய்வதற்கு மேலாகவே செய்தான் என்று சொல்லலாம். ஆனால் எவரிடத்தில் போகவேண்டுமோ அவரிடத்தில் அவன் போகவில்லை. அதே இரவில் மூன்று தரம் மறுதலித்த இராயப்பரோ திருப்பிக் கொடுக்க ஒரு காசும் இல்லாதவர், அழுதார், அவ்வளவே. ஆனால் அழுதுகொண்டே அவர் பக்கம் திரும்பினார். யூதாஸின் முடிவைத் தீர்ப்பிடுவது நம்முடைய வேலையல்ல. ஆனாலும் நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருவன் தன் கையால் நிறைவேற்றிவிட்டு, நம்பிக்கையில்லாமல் செத்துப்போகக்கூடும் என்பது எனக்கு நடுக்கமுண்டாக்குகிறது.

அப்படியானால் நிபந்தனைகள் எதற்கு என்பீர்கள். மழைக்கு நாம் விலை கொடுக்கிறதில்லை. ஆனாலும் முற்றத்தில் குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறவளுக்கு ஐப்பசி மழை முழுவதும் பெய்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. குடத்தை நிமிர்த்தி வைக்கிறதுதான் மனஸ்தாபம். ஊதாரிப் பிள்ளையின் உவமையில் தகப்பன் என்றைக்கு மன்னித்தான்? பிள்ளை தூரத்தில் வரும்போதே கண்டு ஓடினான் என்று லூக்காஸ் எழுதுகிறார். வழியெல்லாம் நெட்டுருப் போட்டுவந்த பேச்சைப் பிள்ளை சொல்லி முடிக்குமுன்னே நல்ல வஸ்திரம் கொண்டுவரச் சொல்லுகிறான். "கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்" என்கிற கடைசிப் பாகத்தை அவன் சொல்லவே இடமில்லாமல் போயிற்று. ஓடி வந்த அந்த மனசு அன்று காலையில் உண்டானதல்ல. பிள்ளை வீட்டை விட்டுப் போன நாள் முதல் இருந்தது. ஆனாலும் பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்திருந்த வரையில் அதனால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்? எழுந்து நடந்தபோதுதான் அது அவனுக்கு மன்னிப்பாயிற்று.

இந்த உவமையிலேயே அந்தத் தாயாருடைய கேள்விக்குப் பாதி மறுமொழி இருக்கிறது. மீதியைச் சொல்லுமுன், தம்பிமார் பக்கம் சற்றுத் திரும்புகிறேன்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களைச் சிறு வயதில் படித்திருக்கிறீர்கள்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், மனஸ்தாபப்படுதல், இனிப் பாவஞ்செய்கிறதில்லையென்று பிரதிக்கினை செய்தல், குருவானவரிடம் சொல்லுதல், கொடுத்த அபராதத்தைத் தீர்த்தல். 1551-ம் வருஷம் திரெந்து நகரில் கூடின பொதுச்சங்கம் இதைப்பற்றி விரிவாய்ப் போதித்திருக்கிறது. மனஸ்தாபம் என்பது கண்ணீரல்ல. கண்ணீர் வராத சுபாவமுள்ளவர்கள் கலங்க வேண்டாம். நரகத்துக்குப் பயந்து வருகிற துக்கமும் பாவசங்கீர்த்தனத்தோடு சேரும்போது போதுமானது. சர்வேசுரனை நேசிக்கிறதினால் மாத்திரமே வருகிற உத்தம மனஸ்தாபமோ, பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமென்கிற தீர்மானத்தோடு இருந்தால், குருவானவர் வந்து சேருமுன்னே சாவான பாவத்தையும் போக்கவல்லது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் போய்வருகிற பிள்ளைகளுக்கு உத்தம மனஸ்தாப மந்திரத்தை மனப்பாடமாய்க் கற்றுக்கொடுங்கள். இது நிற்க.

நான் தம்பிமாருக்குச் சொல்ல வந்தது வேறு. பிறத்தியார் பொருளை எடுத்துக்கொண்டவன், திருப்பிக் கொடுக்கச் சக்தியிருந்தும் கொடுக்க மனதில்லாமல் இருக்கும்வரையில், எந்தக் குருவானவர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தாலும் பிரயோசனமில்லை. அவனுக்கு மனஸ்தாபம் இல்லை என்பதற்கு அந்தப் பத்திரமே சாட்சி. "எல்லாம் சட்டப்படி பதிவு செய்ததுதானே சாமி" என்பார்கள். சார்பதிவாளர் கையெழுத்து உண்மையானதா என்று பார்ப்பார். கையெழுத்திட்டவளுக்குச் சொல்லப்பட்டது உண்மையா என்று பார்க்கிறவர் வேறொருவர். சக்கேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயக்காரர் தலைவன். சேசுநாதர் முதலில் அவனை மரத்திலிருந்து இறங்கச் சொன்னார், தாமே வலிய அவன் வீட்டுக்குப் போகிறதாகவும் சொன்னார். அழைப்பு முதலில் வந்தது, கணக்கு அப்புறம் வந்தது. ஆனால் கணக்கு வந்தது! ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, வஞ்சித்து வாங்கினதற்கு நாலத்தனை. நான் நாலத்தனை கேட்கவில்லை. உள்ளதைப் பற்றிப் பேசுவதற்கு அக்காள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள் என்கிறேன்.

இப்பொழுது அந்த அம்மாளிடம் வருகிறேன்.

அம்மா, கர்த்தர் கற்பித்த செபத்தில் ஏழு மன்றாட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் நாம் செய்கிற காரியம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும்போது, நாங்கள் பிறருக்குக் கொடுக்கிற அளவாகத் தாரும் என்று கேட்கும்படி நமக்குச் சொல்லவில்லை. பாவப் பொறுத்தலைக் கேட்கும்போது மாத்திரம், நாங்கள் பொறுக்கிறதுபோலப் பொறுத்தருளும் என்று கேட்க வைத்தார். போதாதென்று, செபம் முடிந்தவுடன் அந்த ஒரு மன்றாட்டுக்கு மாத்திரம் விளக்கமும் சொன்னார். நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியார் என்பதே அதன் பொருள். இதை மெல்லமாய்ச் சொல்லி மழுப்ப எனக்கு அதிகாரமில்லை.

நீங்கள் ஒரு தடை சொல்லக்கூடும். ஏழு தரம் குற்றம் செய்து, ஏழு தரமும் மனஸ்தாபப்படுகிறேன் என்று வருகிறவனை மன்னி என்றுதானே லூக்காஸ் சுவிசேஷத்தில் இருக்கிறது, வருகிறவனைத்தானே சொன்னார்? சரிதான். ஆனால் மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 11-ம் அதிகாரத்தில், நீங்கள் செபம் பண்ண நிற்கும்போது யார்மேல் என்ன குறையிருந்தாலும் மன்னியுங்கள் என்று போதிக்கிறார். அங்கே அவன் வந்தானா, கேட்டானா என்கிற பேச்சே இல்லை. நீங்களும் சர்வேசுரனும் மாத்திரம் நிற்கிற இடம் அது. சிலுவையில் தொங்கினபோதும், தம்மை அறைந்தவர்களுக்காக அவர் மன்றாடினார். அவர்களில் ஒருவனும் அப்பொழுது வந்து கேட்கவில்லை, கீழே சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆக, மன்னிப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள். அது நம் கையில் இருக்கிறது. வாசற்படியேறி உள்ளே வருவது அவன் காரியம். சர்வேசுரன் தம் பக்கத்துத் தாழ்ப்பாளைப் பாவி வருமுன்னே திறந்து வைத்தார். மனஸ்தாபப்படாதவன் உள்ளே வராமல் வெளியிலே நிற்கிறான். அதற்காக அவர் கதவைச் சாத்துகிறதில்லை. உங்களையும் அவ்வளவுதான் கேட்கிறார். ஆண்டவரைவிட உசத்தியாய் இருக்கச் சொல்லவில்லை, அவரைப்போல இருக்கச் சொல்லுகிறார். தம்பி வராதவரையில் சமாதானம் உண்டாகாதுதான். ஒரு கையால் அது கூடாத காரியம். ஆனால் அவன் கெட்டுப்போக வேண்டும், அவன் பிள்ளைகள் நன்றாயிருக்கக்கூடாது என்கிற ஆசையை இறக்கிவைக்க அவன் வரவேண்டியதில்லை.

மன்னித்தால் பாகத்தைக் கேட்கக்கூடாதா? கேட்கலாம். பெரியவர்களை வைத்துக் கேட்கலாம். வேண்டுமானால் வக்கீலையும் பார்க்கலாம். நியாயம் கேட்கிறது வேறு, பழி தீர்க்கிறது வேறு. பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பரை 1981 மே 13-ந் தேதி அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் ஒருவன் சுட்டான். நாலு நாள் சென்று, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே, அவனை மன்னித்துவிட்டதாகப் பாப்பரசர் உலகத்துக்குச் சொன்னார். 1983 டிசம்பர் 27-ந் தேதி சிறைச்சாலைக்கே போய் அவனோடு உட்கார்ந்து பேசினார். ஆனாலும் 2000-ம் வருஷம் வரையில் அவன் இத்தாலிய தேசத்துச் சிறையில் இருந்தான். மன்னிப்பு நீதிமன்றத்தை இழுத்து மூடிவிடவில்லை. அதே பாப்பரசர்தான் 1986 பிப்ரவரி 5-ந் தேதி நம்முடைய பரங்கிமலைக்கு வந்து செபித்தவர். உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இதைவிட நமக்குக் கிட்டின சங்கதி ஒன்று உண்டு. கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் பிறந்த இராணி மரியா என்கிற கன்னியாஸ்திரி, மத்தியப் பிரதேசத்தில் ஏழைக் குடியானவர்கள் வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுபட உழைத்து வந்தார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ந் தேதி, இந்தோருக்குப் போகிற பஸ்ஸிலேயே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். குத்தின வாலிபன் சமுந்தர் சிங். ஆயுள் தண்டனை விதித்தார்கள். சிறையில் அவன் மனம் கசந்து, தன்னைத் தூண்டிவிட்டவன்மேல் பழிவாங்கும் எண்ணத்தோடு இருந்தான். சுவாமி சதானந்த் என்ற குருவானவர் போய்ப் போய்ப் பேசினார். பிறகு 2002-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை, தாமும் கன்னியாஸ்திரியான செல்மி பால், சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டி அவனைத் தம்பியாக ஏற்றுக்கொண்டார். அக்காளைக் கொன்ற கையில்! அவனுடைய விடுதலைக்கு அந்தக் குடும்பத்தாரே சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள். 2006-ல் வெளியே வந்தவர், அடுத்த வருஷம் புல்லுவழிக்குப் போனார். பெற்ற தாயார் அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். 2017 நவம்பர் 4-ந் தேதி இந்தோரில் இராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது அந்தக் கூட்டத்தில் சமுந்தர் சிங்கும் இருந்தார்.

இதை நான் சொல்லுவது, நீங்களும் நாளைக்கே தம்பி கையில் ராக்கி கட்டவேண்டும் என்பதற்காக அல்ல. நாட்களைக் கவனியுங்கள். கொலை நடந்தது 1995-ல். சிறைக்குப் போனது 2002-ல். நடுவில் ஏழு வருஷம். புண்ணியவான்களுடைய குடும்பத்துக்கும் காலம் பிடித்திருக்கிறது. மன்னிக்கிறது மனசின் தீர்மானம். வலி போகிறது அதன் காலத்தில் போகும். ரயிலடிக்குப் போகும்போது அந்த மாடியைப் பார்த்தவுடன் வயிறு எரிகிறதென்றால், அந்த எரிச்சலே பாவமாகாது. அதை விறகு போட்டு வளர்க்கிறதுதான் பாவம்.

உங்கள் நஷ்டம் சொற்பம் என்றும் நான் சொல்லமாட்டேன். நம்முடைய கர்த்தரும் சொல்லவில்லை. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனுக்கு உடன் ஊழியன் கொடுக்க வேண்டியது நூறு தெனாரி என்று உவமை சொன்னார். ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலியை ஒரு சித்தாள் இழந்தால் அவள் வீட்டு அடுப்பு என்ன ஆகும்? சின்னக் கடனல்ல அது. ஆனால் மற்றக் கடனையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் தெனாரி என்று வைத்தால், பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓய்வின்றி உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல். ராஜா அதைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்தான் பாருங்கள், அவன் தண்டிக்கப்பட்டது பழைய கடனுக்காக அல்ல.

இன்னும் ஒன்று. பாஸ்கு ஞாயிறு சாயங்காலம் நம் ஆண்டவர் அப்போஸ்தலர்மேல் ஊதி, பாவங்களைப் பொறுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தபோது, பன்னிருவரில் ஒருவர் அங்கே இல்லை. அவர்தான் நம் நாட்டுக்கு வந்த அர்ச். தோமையார். காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய விசுவசியேன் என்று கோபித்துக்கொண்டிருந்தவருக்காக, எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடியும் வந்தார், காயத்தைக் காட்டினார். மன்னிப்பு எங்கேயிருந்து வருகிறதென்று அவருக்கு அந்தக் காயம் சொல்லிற்று. நீங்கள் மின்சார ரயிலில் பட்டணம் போகும்போது அவருடைய மலை தெரியும். தம்பி வீட்டு மாடியைத் தாண்டி ரயிலேறினால் அரைமணிக்குச் சற்று முன்பின்னாக அந்த மலையையும் தாண்டுவீர்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்தபின், அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தத் தாயாரைப் போய்ப் பார்த்து வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது புரியுது சாமி. ஆனா அவன் முகத்தைப் பார்த்து இப்போ பேச முடியாது" என்றார். பேச வேண்டாம், ராத்திரி செபமாலை முடிந்தபின் அவன் பேரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார்.

"ஒண்ணு சொல்றேன்" என்றார். "ஒண்ணுதான்."

தம்பியும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்தான். பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் கோவிலில் இருப்பேன்.